வெள்ளக்காரங்க ஊர்ல இனவாதப் பேச்சு, பொண்ணுக்கு என்ன சொல்றது?

ஈசூன்_அம்மா:
பொண்ணு ஆஸ்திரேலியால, குவீன்ஸ்லாந்துல ஒரு குட்டி டவுன்ல நர்ஸா இருக்கா, முக்காவாசி வெள்ளக்காரங்கதான். ஒரு தாத்தா இவள மட்டும் "கை கழுவுனியா"ன்னு கேக்குறாராம், கூட இருக்கிற நர்ஸுங்க சிரிச்சிட்டு போயிடுறாங்களாம். இங்க சிங்கப்பூர்ல எம்ஆர்டி ரயில்ல யாரும் உக்காராம என் பக்கத்து சீட் காலியா கெடந்தப்பல்லாம் நானும் வாய மூடிட்டுதான் வந்தேன், இப்ப அவளுக்கு என்னத்த சொல்ல?

தேக்கா_தம்பி:
அக்கா, தாத்தாவ விடுங்க, சிரிக்கிறவங்கதான் முக்கியம். அதுல ஒருத்தர்கிட்ட தனியா டீ குடிக்கறப்போ "நீங்க சிரிச்சது கஷ்டமா இருந்துச்சு"ன்னு சொல்ல சொல்லுங்க. பிலோயீலாங்கிற ஊரும் குவீன்ஸ்லாந்துதானே, அங்க 2018ல ஒரு தமிழ்க் குடும்பத்த நாடு கடத்த அதிகாரிங்க விடியக்காலைல புடிச்சிட்டு போனப்போ ஊர்க்காரங்க விடாம போராடி, 2022லதான் அவங்க திரும்ப வந்தாங்க.

ஜூரோங்_மாமா:
எல்லா ஊரும் பிலோயீலா ஆயிடாது தம்பி. தேதி, நேரம், சொன்ன வார்த்தை எல்லாத்தையும் போன்ல எழுதி வைக்க சொல்லும்மா. அங்க இனப் பாகுபாட்டுக்கு எதிரா 1975லயே சட்டம் வந்தாச்சு, மனித உரிமை ஆணையத்துல காசில்லாம புகார் குடுக்கலாம்.

ஈசூன்_அம்மா:
நன்றிங்க. நேத்து இன்னொரு நர்ஸ் தாத்தாகிட்டயே "என்னையும் கேளுங்க, நானும்தான் ஊசி போடுறேன்"னு சொன்னாளாம் 😄