ராட்சத மட்டி ஏன் ஆழமில்லாத கடலிலேயே கிடக்கிறது?

கயல்: ட்ரிடாக்னா ஜிகாஸ் என்கிற ராட்சத மட்டி பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு மீட்டருக்கு மேல் நீளம், 200 கிலோவுக்கு மேல் எடை. பவளப்பாறைத் தண்ணீர் தெளிவாக இருக்கும், அதாவது மிதவை உயிரிகள் குறைவு, அப்புறம் இவ்வளவு பெரிய உடம்புக்குத் தீனி எங்கிருந்து வருகிறது? மண்ணுக்குள் புதையாமல் வாயைப் பிளந்து மேலே பார்த்தே கிடப்பதும் ஏன்? முத்துக் குளிப்பவர் காலைக் கவ்விவிடும் என்பது நிஜமா?

நெய்தல்: முதல் இரண்டு கேள்விக்கும் விடை வெயில்தான். ஓட்டுக்கு வெளியே பழுப்பும் பச்சையுமாக மடிப்பு மடிப்பாகப் பிதுங்கி நிற்கிற சதைக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன, அவை ஒளிச்சேர்க்கை செய்து தயாரிக்கிற சர்க்கரையில் பெரும்பங்கு மட்டிக்குப் போகிறது, பதிலுக்கு மட்டியின் கழிவு பாசிக்கு உரம். தண்ணீரை வடிகட்டியும் சாப்பிடும், ஆனால் பெரிய மட்டிக்கு முக்கியச் சோறு பாசி போடுவதுதான். அதனால்தான் ஏறத்தாழ 20 மீட்டர் ஆழத்துக்குள், இந்தோ-பசிபிக் பவளத்திட்டுகளில் மட்டும் பார்க்கிறோம். கலங்கல் தண்ணீர் இதற்கு ஆகாது. இன்னொன்று, இந்தப் பாசி தாயிடமிருந்து வருவதில்லை, ஒவ்வொரு குஞ்சும் கடல்நீரிலிருந்து தானே பிடித்துக்கொள்ள வேண்டும். எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் அதுதான்.

அலைகடல்: காலைக் கவ்வுவது வெறும் கதைங்க. சதையின் ஓரத்தில் நூற்றுக்கணக்கில் பொடிப்பொடிக் கண்கள் இருக்கின்றன, மேலே நிழல் விழுந்ததும் சதையை உள்ளே இழுக்கும், தண்ணீர் பீய்ச்சும். மூடுவது மெதுவாகத்தான், நன்றாக வளர்ந்த மட்டியால் ஓடுகளை முழுசாக மூடவே முடியாது. யாரும் இப்படிச் செத்ததாக உறுதியான பதிவு இல்லை. உண்மையில் நம்மால்தான் அதற்கு ஆபத்து. ஓடுகளை மூடும் தசைக்காகவே ஏராளமாகப் பிடித்துத் தீர்த்துவிட்டார்கள், பல தீவுகளில் இப்போது ஒன்றுகூட இல்லை.

கயல்: நன்றி இருவருக்கும். பிடிப்பதை நிறுத்திவிட்டால் தானாகப் பெருகிவிடாதா?

நெய்தல்: அவ்வளவு சுலபமில்லை. ஒரு தடவைக்குக் கோடிக்கணக்கில் முட்டை விடும், ஆனால் முட்டையும் விந்தும் தண்ணீரில்தான் கலக்க வேண்டும். பெரியது நகராது, பக்கத்தில் இன்னொன்று இல்லையென்றால் அத்தனையும் வீண். பசிபிக் தீவு நாடான பலாவ் போன்ற இடங்களில் 1980களிலிருந்தே குஞ்சு வளர்த்துக் கடலில் விடுகிறார்கள், அதையும் மீனும் நத்தையும் தின்றுவிடாதபடி முதலில் வலைக்கூண்டு போட்டுத்தான் காப்பாற்ற வேண்டியிருக்கிறது.