தாராவித் தமிழர்களிடம் அமெரிக்கக் கேள்வித்தாள் எடுபடுமா?

சயான்_லோக்கல்:
மும்பையில் எம்.ஏ. உளவியல் படிக்கிறேன். தாராவி, மாட்டுங்கா தமிழ்க் குடும்பங்கள் இந்த ஊரோடு எவ்வளவு கலந்திருக்கிறார்கள் என்பதுதான் ஆய்வு. கைடு ஸுயின்-லியூ அளவுகோல் என்ற கேள்வித்தாளை எடுக்கச் சொல்கிறார். 1987-ல் அமெரிக்காவில் வாழும் ஆசியர்களுக்காக வந்தது, கடைசியில் 1 முதல் 5 வரை ஒரே எண்தான் கிடைக்கும்: 1 என்றால் சொந்தப் பண்பாட்டிலேயே இருக்கிறார், 5 என்றால் முழுக்க மாறிவிட்டார். எங்கள் பெரியம்மாவிடம் சும்மா போட்டுப் பார்த்தேன். மீன்காரம்மாவிடம் மராத்தியிலேயே பேரம் பேசி விலையைக் குறைப்பார், வீட்டுக்குள் சுத்தத் திருநெல்வேலித் தமிழ். அவருக்கு 3. ரெண்டு மொழியும் அரைகுறையாக, எந்தக் கூட்டத்திலும் ஒட்டாத என் தம்பிக்கும் 3. என்ன கணக்கு இது?

கணக்குப்புலி:
ஒன்றில் ஏறினால் இன்னொன்றில் இறங்கித்தான் ஆகவேண்டும் என்று அந்த அளவுகோல் முதலிலேயே முடிவு கட்டிவிடுகிறது. கனடா உளவியலாளர் ஜான் பெரி இதைத்தான் பிரித்தார்: சொந்தப் பண்பாட்டைக் காப்பாற்றுவது ஒரு கேள்வி, வந்த இடத்தாரோடு பழகுவது தனிக் கேள்வி. உங்கள் பெரியம்மா இரண்டிலும் ஆமாம், தம்பி இரண்டிலும் இல்லை. 2000-ல் வந்த வான்கூவர் அளவுகோலைப் பாருங்கள், 20 வாக்கியங்கள், சொந்தப் பக்கத்துக்கு 10, புதுப் பக்கத்துக்கு 10, மதிப்பெண்ணும் தனித்தனி.

பம்பாய்வாசி:
எதற்கு இவ்வளவு? ஊருக்கு வந்து எத்தனை வருஷம் என்று கேட்டால் போதாதா?

தொண்ணூறடி_ரோடு:
போதாது அண்ணே. நான் பிறந்ததே தாராவியில்தான். ஆயுசு முழுக்க இங்கே இருந்தும் தமிழ் ஆட்கள் நடத்தும் தோல் பட்டறையிலேயே வேலை பார்த்து, இந்தியில் நாலு வார்த்தைக்கு மேல் தேவைப்படாதவர்கள் எங்கள் சந்திலேயே உண்டு. சயான் தம்பி, வான்கூவர் தாளிலும் ஒரு சிக்கல் இருக்கு. அதில் வட அமெரிக்கா என்று வரும் இடத்தில் இங்கே எதைப் போடுவீர்கள்? மராத்தியா, ரயிலில் பேசும் இந்தி மொழியா, ஆபீஸ் இங்கிலீஷா? எங்கள் அப்பா கணபதி மண்டலத்துக்கு (பிள்ளையார் திருவிழா நடத்தும் குழு) வசூலுக்குப் போவது மராத்தியில், சரக்கு எடுப்பது இந்தியில், பொங்கலுக்குத் தெருவில் பானை வைக்கும்போது தமிழைத் தவிர ஒன்றும் வாயில் வராது. வீடு, வேலை, தெரு என்று பிரித்துக் கேளுங்கள். அப்புறம், 1966-ல் சிவசேனா தொடங்கிய பிறகு தென்னிந்தியர்களுக்கு எதிராக நடந்ததைப் பார்த்த பெரியவர்களிடம் மராத்தி பிடிக்குமா என்றால் ஆமாம் என்றுதான் வரும். அதைப் பிரியம் என்று எண்ணிவிடாதீர்கள், பாதி ஜாக்கிரதை.

கணக்குப்புலி:
இது முக்கியம். மராத்திக்கும் இந்திக்கும் தனித்தனியாகப் பத்து வாக்கியம் போட்டுவிடுங்கள். அந்தப் பக்கத்து ஆளைக் கல்யாணம் பண்ணிக்கொள்வீர்களா என்ற வாக்கியமும் வான்கூவர் தாளில் உண்டு, அதைக் கடைசியில் வையுங்கள். முதலிலேயே கேட்டால் டீ கூடக் கிடைக்காது.