வாளித் தண்ணீரில் கணினியைக் குளிர்விக்க முடியுமா? விசிறிச் சத்தம் தாங்கவில்லை

இரவுப்பறவை:
வீடியோ ரெண்டர் போட்டால் என் கணினி மிக்ஸி மாதிரி கத்துகிறது. சிபியுவும் கிராபிக்ஸ் கார்டும் சேர்ந்து 200 வாட் வரை இழுக்கும். ரெடிமேட் வாட்டர் கூலரிலும் எப்படியும் விசிறி உண்டு. அதனால் ஒரு யோசனை: 20 லிட்டர் வாளி, அதற்குள் மீன்தொட்டிப் பம்ப், அங்கிருந்து குழாய் நேராக வாட்டர் பிளாக்குகளுக்கு (சிப் மேல் ஒட்டியிருந்து வெப்பத்தைத் தண்ணீருக்குக் கொடுக்கும் உலோகக் கட்டிகள்). ரேடியேட்டரே கிடையாது. நடக்குமா? சூடானால் வாளியை ஃப்ரிட்ஜில் வைத்துவிடலாமா?

செம்புக்கம்பி:
கொஞ்ச நேரம் நடக்கும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு டிகிரி சூடாக சுமார் 4,180 ஜூல் வேண்டும். 200 வாட் என்றால் மணிக்கு 7,20,000 ஜூல். உங்கள் வாளி மணிக்கு எட்டரை டிகிரி ஏறும். மூன்று மணி நேரம் ஓடினால், வாளியின் பக்கவாட்டில் போகும் வெப்பத்தைக் கழித்தாலும், கையை உள்ளே விடத் தயங்குவீர்கள். தண்ணீரைக் கூட்டினால் சூடாவது தள்ளிப்போகும், அவ்வளவுதான். வெப்பம் வெளியேறப் பரப்பளவு வேண்டும்.

ஃப்ரிட்ஜ் வேண்டவே வேண்டாம். விடாமல் வரும் 200 வாட்டுக்கு அதன் கம்ப்ரஸர் ஈடுகொடுக்காது. அதையும் மீறித் தண்ணீர் சில்லென்று ஆகிவிட்டால் பிளாக் வியர்த்து மதர்போர்டில் சொட்டும்.

பழைய இரும்பு:
பழைய கார் ரேடியேட்டர் தேடுங்கள். பரப்பளவு ஏராளம், 200 வாட் அதற்கு ஒன்றுமே இல்லை. ஆனால் உலோகத்தைப் பார்த்து வாங்குங்கள். புதிய கார்களில் பெரும்பாலும் அலுமினியம்தான்; செம்பு பிளாக்கோடு ஒரே தண்ணீரில் ஓடவிட்டால் அலுமினியம் அரித்துப் போகும். ஓரத்தில் லேசாகச் சுரண்டுங்கள், மஞ்சளோ சிவப்போ தெரிந்தால் எடுங்கள். உள்ளே இருந்து பழுப்புச் சேறு வருவது நிற்கும்வரை கழுவணும். அப்புறம் காய்ச்சி வடித்த நீர், வெளிச்சம் புகாத குழாய். இல்லாவிட்டால் பாசி பிடிக்கும்.

முழுக்க விசிறி இல்லாமல் முடியாவிட்டால் பெரிய விசிறி ஒன்றை மெதுவாக ஓட்டுங்கள். வேகத்தைப் பாதியாக்கினால் சத்தம் ஏறக்குறைய 15 டெசிபல் குறையும்.

இரவுப்பறவை:
தண்ணீரை நீளமான குழாயில் மேலிருந்து ஷவர் மாதிரி தூவிக் குளிர்விக்கிறார்களே, அது?

செம்புக்கம்பி:
வேலை செய்யும். 200 வாட்டுக்கு மணிக்கு 300 மில்லி தண்ணீர் ஆவியாகும். ஆனால் அவ்வளவும் உங்கள் அறைக் காற்றில்தான் சேரும். உப்பும் தூசியும் தண்ணீரிலேயே தங்கி பிளாக்கை அடைக்கும். சலசலவென்ற சத்தம் வேறு! எனக்கு அது பிடிக்காது.

பம்ப்பை வாளியின் அடியில் உட்காரவைக்காதீர்கள், வாளியே ரீங்கரிக்கும். ஸ்பாஞ்சு மேல் வையுங்கள். சாதாரண மின்சாரத்தில் ஓடும் பம்ப் என்றால் மின்கசிவு தடுப்பான் இல்லாமல் தண்ணீரில் இறக்காதீர்கள்.

அதெல்லாம் இருக்கட்டும், சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தீர்களா?

இரவுப்பறவை:
பெட்டியைத் திறந்து வைத்துக் கேட்டேன். பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டு விசிறிகள்தான்.

பழைய இரும்பு:
அப்படியானால் முதலில் கார்டின் பவர் லிமிட்டை (அது இழுக்கும் மின்சாரத்தின் உச்சவரம்பு) 75 சதவீதத்துக்கு இறக்கிப் பாருங்கள். வாட் குறைகிற அளவுக்கு ரெண்டர் வேகம் குறையாது, காசும் செலவில்லை. அதுவும் போதவில்லை என்றால் ரேடியேட்டர். மாட்டியதும் கணினியை ஆன் செய்யாமல் பம்ப்பை மட்டும் ஒரு நாள் முழுக்க ஓடவிடுங்கள், ஒவ்வொரு இணைப்புக்கும் கீழே டிஷ்யூ பேப்பர் வைத்து.

இரவுப்பறவை:
சரி, இன்றைக்கே லிமிட்டை இறக்கி ஒரு ரெண்டர் போட்டுப் பார்க்கிறேன்.