கட்டுமரம் இரண்டு சொல் என்றால் கேட்டமரான் ஏன் ஒரே சொல்?

கேள்வி (அக்கரைப்பேட்டை, நாகை):
பி.ஏ. ஆங்கிலம் 2ஆம் ஆண்டு படிக்கிறேன். இந்த செமஸ்டரில் மார்ஃபாலஜி, அதாவது சொற்களின் உள்ளமைப்பைப் பற்றிய பாடம். இன்டர்னலில் காம்பவுண்ட் சொல்லுக்கு (இரண்டு சொல் சேர்ந்த கூட்டுச்சொல்) 3 உதாரணம் கேட்டிருந்தார்கள். பிளாக்போர்டு, டிராபிரிட்ஜ் (தூக்குப்பாலம்), கேட்டமரான் (நம் கட்டுமரம் ஆங்கிலத்துக்குப் போய் ஆன சொல்) என்று எழுதினேன். மூன்றாவதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டார்கள், காரணம் எழுதவில்லை. எங்கள் தாத்தா மரங்களைக் கயிற்றால் சேர்த்துக் கட்டிக் கடலுக்குப் போனவர். அவர் கட்டுவதை உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கட்டு ஒன்று, மரம் ஒன்று. அப்புறம் எப்படி இது தப்பு? மார்க்கை விட இதுதான் உறுத்துகிறது.

பதில் (தஞ்சாவூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்):
தமிழில் நீ சொல்வது முழுக்கச் சரி அம்மா. கட்டுமரம் வினைத்தொகை, ஊறுகாய் மாதிரி. கட்டிய மரம், கட்டுகின்ற மரம், கட்டும் மரம் என்று மூன்று காலமும் அதில் ஒளிந்திருக்கிறது. நீ எழுதிய டிராபிரிட்ஜும் கிட்டத்தட்ட அப்படித்தான்: வினையும் பெயரும் சேர்ந்திருக்கிறது, காலம் தெரியாது. ஆனால் ஒரு சொல்லைப் பிரிக்கும்போது அது இப்போது எந்த மொழியில் புழங்குகிறதோ அந்த மொழியின் காதால் கேட்க வேண்டும். சோழமண்டலக் கரையில் 17ஆம் நூற்றாண்டில் அதை எடுத்துப்போன ஆங்கிலேயருக்குக் 'கட்டு' தெரியாது, 'மரம்' தெரியாது. அவர்களுக்கு அது ஒரே துண்டு, ஒரே மார்ஃபீம் (பொருள் தரும் மிகச் சிறிய சொல்துண்டு). கேட்டலாக், கேட்டஸ்ட்ரஃபி என்பவற்றில் வரும் 'கேட்ட' கிரேக்க முன்னொட்டு, அதோடு குழப்பிக்கொள்ளாதே.

பதில் (மன்னார்குடி, எம்.ஏ. ஆங்கிலம்):
ஐயா சொன்னதோடு இன்னொன்று, தங்கச்சி. இரண்டு உடல் உள்ள படகு கேட்டமரான் என்று பழகிய பிறகு, 20ஆம் நூற்றாண்டில் மூன்று உடல் உள்ள படகுக்கு 'ட்ரைமரான்' என்று பெயர் வைத்தார்கள். 'மரான்' என்ற வாலைத் தாங்களாகவே வெட்டி எடுத்து, முன்னால் 'ட்ரை' ஒட்டினார்கள். ஹாம்பர்கரும் இதே கதை. ஹாம்பர்க் என்ற ஊர்ப்பெயரோடு 'எர்' சேர்ந்து வந்த சொல் அது. ஜனங்கள் 'பர்கர்' என்று தனியாகப் பிரித்துச் சீஸ்பர்கர் செய்துவிட்டார்கள். ஆக, கேட்டமரான் காம்பவுண்ட் இல்லை என்பது சரி. ஆனால் அதன் வால் ஆங்கிலத்தில் தனியாக உயிர்பெற ஆரம்பித்துவிட்டது. இதைக் கட்டாயம் வகுப்பில் கேள். விடைத்தாளில் இரண்டு வரி விளக்கம் எழுதியிருந்தால் நான் மார்க் போட்டிருப்பேன்.

கேட்டவர்:
ஐயாவுக்கும் அக்காவுக்கும் ரொம்ப நன்றி. இரவு இதைத் தாத்தாவிடம் சொன்னேன். வெள்ளைக்காரர்கள் சுருக்கி என்ன சொல்வார்கள் என்று கேட்டார். 'கேட்' என்றேன், தலையை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள் என்று. "நாங்க மரம்னுதானே சொல்லுவோம், மரத்துல போனேன், மரம் கரை ஏறிடுச்சுன்னு" என்றார். ஒரே சொல்லை அவர்கள் முன்பக்கம் பிடித்துக்கொண்டார்கள், நாம் பின்பக்கம். இந்த இரண்டையும் நோட்டில் அடுத்தடுத்து எழுதி வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை மார்ஃபாலஜி வகுப்பு, ட்ரைமரானோடு போகிறேன்.