மறு: ‘ஃபேக்டர் ட்ரீ’க்குத் தமிழில் என்ன? செடியா, மரமா, கொடியா?

வணக்கம்.

ஆறாம் வகுப்புக் கணக்குச் செயலியைத் தமிழாக்கும் நண்பர் கேட்டது ஒரே ஒரு சொல்: ஓர் எண்ணைக் காரணிகளாகக் கிளை கிளையாகப் பிரித்துக்காட்டும் ‘ஃபேக்டர் ட்ரீ’ படத்துக்குத் தமிழ்ப் பெயர். இழை அதற்குள் கொடி வரைக்கும் படர்ந்துவிட்டது. வந்த கருத்துகளுக்குக் கீழேயே எழுதுகிறேன்.

> ‘காரணி மரம்’ என்றே வைக்கலாமே. நிரலாக்கத்தில் எல்லாம் மரம்தானே?

நிரலாக்கத்தில் மரம்தான், மறுக்கவில்லை. ஆனால் இந்தச் செயலியைத் திறக்கப்போகிற பிள்ளையின் பாடநூல், தமிழ்நாட்டில், ‘காரணிச் செடி முறை’ என்கிறது. வகுப்பில் செடி, திரையில் மரம் என்றிருந்தால் இரண்டும் வேறு வேறு கணக்கு என்று பிள்ளை நினைக்கும். தரவுக் கட்டமைப்பு படிக்கிற வயதில் மரத்துக்கு மாறிக்கொள்ளட்டும். 72, 360 அளவு எண்களுக்குச் செடியே தாராளம்.

> ‘பகாக்கொடி’ எப்படி? குலமுறையைக் ‘கொடிவழி’ என்கிறோமே.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சிக்கல் கொடியில் இல்லை, ‘பகா’வில் இருக்கிறது. 360ஐ 36 × 10 என்று பிரிக்கிறோம். 36 இரண்டு ஆறுகளாகிறது, ஒவ்வொரு ஆறும் 2, 3 ஆகிறது. 10 என்பது 2, 5 ஆகிறது. இதில் 360, 36, 10, 6 எல்லாமே பகு எண்கள், இன்னும் சிறிய காரணிகளாகப் பிரிபவை. நுனியில் நிற்கும், இனிப் பிரியாத எண்கள் மட்டும்தான் பகா எண்கள். பாதிப் படத்துக்குப் பொருந்தாத அடைமொழியை முழுப் படத்துக்கும் சூட்ட வேண்டாம். ‘காரணி’ என்றால் 36க்கும் பொருந்தும், 2க்கும் பொருந்தும். ஆகவே என் வாக்கு காரணிச் செடிக்கே.

உண்மையில் சொல் இல்லாமல் தவிப்பது தலைப்பு அல்ல, படத்தின் உறுப்புகள். திரையில் பிள்ளை தொடுகிற ஒவ்வொரு வட்டத்துக்கும் பெயர் வேண்டும். ‘முனை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். முனை என்றால் முடிகிற இடம். நடுவில் நிற்கும் 36ஐ எப்படி முனை என்பது? ‘கணு’ என்று வைப்போம். கரும்பில் கணுவிலிருந்துதான் அடுத்த முளை வெடிக்கும். இங்கேயும் அதே வேலைதான். இனி பிரியாத கணு ‘இலை’.

> உச்சியில் உள்ள எண்ணை ‘வேர்’ என்றால் வர்க்கமூலத்தோடு குழம்பாதா?

ஆங்கிலத்தில் குழம்பும், அங்கே இரண்டுக்கும் ஒரே சொல். நமக்கு வர்க்கமூலம், சமன்பாட்டின் மூலம் என்று ‘மூலம்’ ஏற்கெனவே அந்த வேலையைப் பார்க்கிறது. ‘வேர்’ சும்மாதான் கிடக்கிறது, எடுத்துக்கொள்ளலாம். இது முக்கியம், ஏனென்றால் இரண்டும் ஒரே பாடத்தில் வரும். 97 பகா எண்ணா என்று பார்க்க அதன் வர்க்கமூலம் வரைக்கும், அதாவது 2, 3, 5, 7 ஆகியவற்றால் மட்டும், வகுத்துப் பார்த்தால் போதும் என்று செயலியில் ஒரு குறிப்பு வைத்திருக்கிறார்களே.

> இலங்கையில் ‘முதன்மை எண்’, ‘சேர்த்தி எண்’ என்றுதான் படிக்கிறோம். ‘பகா எண்’ எங்கள் பிள்ளைகளுக்குப் புதிது.

நியாயம், அம்மா. கிரேக்கர்கள் வைத்த பெயருக்கும் ‘முதல்’ என்றுதான் பொருள். அந்த வகையில் உங்கள் சொல்தான் மூலத்துக்கு நெருக்கம். ஒன்றை அழித்து மற்றதை வைக்க வேண்டியதில்லை, இலங்கைக்குத் தனி மொழிக்கோப்பு போடச் சொல்வோம். அதில் ‘முதன்மைக் காரணி’ என்றே இருக்கட்டும்.

தமிழ்நாட்டுக் கோப்பில் பகு/பகா இணையை விடக்கூடாது. நன்னூலில் பகுபதம், பகாப்பதம் என்று சொற்களைப் பிரித்த அதே வெட்டு இது. பிள்ளை 91ஐ இலையாக விட்டுவிட்டு எழுந்துபோகும் (எல்லாரும் ஏமாறுகிற எண், 7 × 13). அப்போது ‘தவறு’ என்று சிவப்பு காட்டுவதைவிட, ‘91 பகு எண், இன்னும் பிரியும்’ என்றால் திருத்தமும் விளக்கமும் ஒன்றாகவே வந்துவிடும். 1 × 91 என்று பிரித்தால் வேறு செய்தி வேண்டும்: ‘1 பகு எண்ணும் அல்ல, பகா எண்ணும் அல்ல.’ ஒன்றை அனுமதித்தால் செடி வளர்ந்துகொண்டே போகும், 91 அப்படியே இருக்கும்.

நிரலருக்கு ஒரு கெஞ்சல். ‘பகா’, ‘பகு’ என்று இரண்டு துண்டுகளை வைத்துக்கொண்டு பின்னால் வேறு சொல்லை ஒட்டவைக்காதீர்கள். ‘பகு’ வினைத்தொகையாக நிற்பதால் பகு காரணி, பகு கணு என்று ஒற்று இல்லாமல் வரும். ‘பகா’வுக்குப் பின் வல்லினம் மிகும்: பகாக் காரணி, பகாக் கணு. ஆனால் பகா எண், பகா இலை என்னும்போது ஒற்று கிடையாது. இதை நிரலுக்குக் கற்றுக்கொடுப்பதற்குள் விடிந்துவிடும். முழுத் தொடர்களாகவே கோப்பில் எழுதிவிடுங்கள்.

> வெவ்வேறு பிள்ளைகள் வெவ்வேறு செடி வரைந்தால் செயலி எதைச் சரி என்னும்?

எல்லாவற்றையும் சரி என்றுதான் சொல்ல வேண்டும். 360ஐ 8 × 45 என்று தொடங்கினால் செடியின் உருவமே மாறிவிடும், ஆனால் இலைகள் அதே மூன்று 2, இரண்டு 3, ஒரு 5. கணித அறிஞர் காவுஸ் 1801இல் நிறுவிக் காட்டிய எண்ணியலின் அடிப்படைத் தேற்றம் இதுதான். ஆகவே செயலி விடைத்தாளோடு உருவத்தை ஒப்பிடக்கூடாது, இலைகளை மட்டும் எண்ண வேண்டும். இரண்டு செடிகளிலும் பகு கணுக்களை எண்ணிப் பாருங்கள், வேரையும் சேர்த்து ஐந்துதான் வரும், இலைகள் ஆறு. எப்படி வரைந்தாலும் பகு கணுக்கள் இலைகளைவிட ஒன்று குறைவாகத்தான் இருக்கும், ஏனென்றால் ஒவ்வொரு பிரிப்பும் நுனியில் ஓர் எண்ணை நீக்கி இரண்டை வைக்கிறது. பகா எண்களால் வகுத்துக்கொண்டே போகும் பாடநூலின் வகுத்தல் முறைகூட ஒரே பக்கமாகச் சாய்ந்த காரணிச் செடிதான். அதைத் திரையில் பக்கத்திலேயே காட்ட முடிந்தால் நல்லது.

மீதி இருப்பது ஒரு பொத்தான். இலைகளைத் தொகுத்து 2³ × 3² × 5 என்று அடுக்கு வடிவில் எழுதுவதற்கு. ‘காரணிப்படுத்து’ பொருந்தாது, அது செடி முழுவதற்கும் உள்ள பெயர். ‘இலைகளைத் திரட்டு’ என்று தற்காலிகமாக எழுதி வைத்திருக்கிறேன். இதைவிடச் சின்னதாக யாராவது சொல்லுங்கள், பொத்தானில் இடம் கொஞ்சம்தான் இருக்கிறதாம்.