குரோன்ஸ் என்ற நாள்பட்ட குடல் அழற்சி நோய் உள்ள பிள்ளைக்குப் பயாலஜிக் ஊசி: உங்கள் வீட்டில் எப்படிப் போகிறது?

நெல்லை அம்மா:

பையனுக்கு வயிற்றுவலி, அடிக்கடி பேதி, சாயங்காலமானால் லேசாகக் காய்ச்சல். பூச்சி மருந்து கொடுத்தோம், மாமியார் சுற்றிப் போட்டார். எடை மட்டும் ஏறவில்லை. பள்ளிப் பிரேயரில் உயர வரிசையில் நடுவில் நின்றவன் முதல் ஆளாகிவிட்டான். அதைக் கவனித்துச் சொன்னது பி.டி. சார்தான்.

குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் ஸ்கோப்பில், சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் இடத்தில் புண். நம் ஊரில் குடல் டிபியும் அதே இடத்தில்தான் வரும். ஸ்கோப், பயாப்ஸி எல்லாம் பார்த்தும் சில சமயம் இரண்டையும் பிரிக்க முடியாதாம். அதனால் முதலில் டிபி மாத்திரை. புண் ஆறாததால்தான் குரோன்ஸ் என்று உறுதி செய்தார்கள்.

அப்புறமும் ஊசிக்கு முன் மார்பு எக்ஸ்ரே, டிபிக்கான ரத்தப் பரிசோதனை, ஹெபடைடிஸ் பி. எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. டாக்டர் விளக்கினார்: அவனுக்குப் போடும் பயாலஜிக் ஊசியின் பெயர் இன்ஃப்ளிக்ஸிமாப், உயிரணுக்களைக் கொண்டு தயாரிக்கும் மருந்து. குடலைப் புண்ணாக்கும் டிஎன்எஃப் என்ற புரதத்தை அது தடுக்கிறது. உடம்பில் தூங்கிக்கொண்டிருக்கும் டிபி கிருமியை வேலி போட்டு வைத்திருப்பதும் அதே புரதம்தான். அதனால் இந்தச் சோதனைகளை இழுத்தடிப்பு என்று யாரும் நினைக்காதீர்கள்.

கிலோவுக்கு 5 மில்லிகிராம் வீதம் டிரிப்ஸில் ஏற்றினார்கள், இரண்டு மணி நேரம். முதல் டோஸ், பிறகு 2-ஆம் வாரம், 6-ஆம் வாரம், அதன்பின் 8 வாரத்துக்கு ஒருமுறை. கூடவே மெதோட்ரெக்ஸேட் என்ற, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து. அதே வேலையைச் செய்யும் அசதியோபிரினையும் இந்த ஊசியையும் சேர்த்துக் கொடுக்கும்போது, முக்கியமாக ஆண்பிள்ளைகளுக்கு, மிக அரிதாக ஒரு லிம்போமா (நிணநீர்ப் புற்றுநோய்) வந்திருக்கிறது என்பதால் டாக்டர் மெதோட்ரெக்ஸேட்டைத் தேர்ந்தெடுத்தார். இப்போது வலி இல்லை, இன்னொரு தோசை கேட்கிறான். ஒரே கவலை, இந்த மருந்துகள் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும், அவன் வகுப்பிலோ இரண்டு பேருக்கு அம்மை போட்டிருக்கிறது. என்ன செய்வது?

கோவை அப்பா:

எங்கள் மகளுக்கு ஆசனவாய் அருகே கட்டி, பிறகு பௌத்திரம். வெட்கத்தில் எங்களிடம் பல நாள் சொல்லவே இல்லை. வயதுக்கு வந்த பிள்ளை, அவளைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? எம்ஆர்ஐ எடுத்து, சீழை வெளியேற்றி, உடனே அதே டிஎன்எஃபைத் தடுக்கும் இன்னொரு ஊசியான அடலிமுமாப் தொடங்கினார்கள். சாதாரணக் குடல் புண் என்றால் ஆறேழு வாரம் வெறும் சத்துப் பால் மட்டும் கொடுத்தே அடக்கிப் பார்ப்பார்களாம். பௌத்திரம் இருந்தால் முதலிலேயே இந்த ஊசிதான்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வீட்டிலேயே தொடையில் போடுகிறோம். ஃபிரிட்ஜிலிருந்து அரை மணி நேரம் முன்னால் எடுத்து வைத்தால் எரிச்சல் குறைகிறது. 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், ஃப்ரீஸரில் வைத்து உறைந்துபோனால் தூக்கிப் போட வேண்டியதுதான். ஊருக்குப் போகும்போது ஐஸ் பேக்மேல் நேராக வைக்காமல் துணி சுற்றி வையுங்கள்.

பணம்தான் பெரிய பேச்சு. 2014 டிசம்பரில் சைடஸ் நிறுவனம் அடலிமுமாபின் பயோசிமிலரை (அசல் மருந்தை ஒத்த, விலை குறைந்த மாற்று மருந்தை) இந்தியாவில் கொண்டுவந்தது, உலகிலேயே முதன்முதலாக. அது இல்லாவிட்டால் எங்களைப் போன்றவர்கள் இந்தப் பக்கமே வந்திருக்க முடியாது. ஆனால் எங்கள் இன்சூரன்ஸ்காரர்கள் வீட்டில் போடும் ஊசிக்குப் பைசா தரவில்லை. மருத்துவமனையில் படுத்தால்தான் தருவார்களாம். வேடிக்கைதான். எந்த ஊசி என்று முடிவாகும் முன்பே பாலிசியைப் படித்துவிடுங்கள்.

சின்ன வயதிலிருந்து ஊசி போட்டுக்கொள்ளும் கல்லூரி மாணவி:

அம்மா, அம்மை விஷயத்தை முதலில் சொல்கிறேன். பையனுக்கு ஏற்கெனவே சின்னம்மை வந்திருக்கிறதா, தடுப்பூசி போட்டதா என்று பார்த்துவிட்டு இன்றைக்கே டாக்டருக்கு ஃபோன் செய்யுங்கள். கொப்புளம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சின்னம்மை ஊசி, எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா ஊசி) இரண்டும் வலுவிழக்கச் செய்த உயிருள்ள கிருமித் தடுப்பூசி. பயாலஜிக் தொடங்கும் முன்பே போட்டிருக்க வேண்டும், இப்போது போடக்கூடாது. ஃப்ளூ ஊசி போடலாம்.

இன்னொன்று. பத்தாம் வகுப்பில் எனக்கு ஒவ்வொரு டோஸுக்குப் பிறகும் ஆறாவது வாரமே வலி திரும்பிவிடும். பரீட்சைப் பயம் என்றார்கள் வீட்டில். மலத்தில் குடல் அழற்சியைக் காட்டும் கால்ப்ரொடெக்டின் என்ற புரதம் ஏறியிருந்தது. அடுத்த டோஸுக்குச் சற்று முன் ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்தார்கள், மிகக் குறைவு. மருந்துக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதம் உருவாகவில்லை என்பதால் டோஸைக் கூட்டி, இடைவெளியைக் குறைத்தார்கள். ஆன்டிபாடி நிறைய இருந்திருந்தால் மருந்தையே மாற்றியிருப்பார்கள். பிள்ளை எடை போடப் போட டோஸும் ஏற வேண்டும், ஒவ்வொரு முறையும் எடை பார்க்கச் சொல்லுங்கள்.

"நல்லாத்தானே இருக்கிறாள், எதற்கு ஊசி?" என்று கேட்கிற சித்தப்பா எல்லா வீட்டிலும் ஒருவர் இருப்பார். ஊசியால்தான் நன்றாக இருக்கிறோம். நாமாக இடையில் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கினால் ஆன்டிபாடி உருவாகி, டிரிப்ஸ் ஏறும்போதே மூச்சுத் திணறலும் தடிப்பும் வரலாம். தேதி தள்ளிப்போகும் என்று தெரிந்தால் முன்கூட்டியே வார்டில் சொல்லி வேறு நாள் வாங்கிவிடுங்கள்.