அடுத்த கிழமை டிஸ்னி பயணம், மகனுக்கு உணவு அலர்ஜி: தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்

விசுவமடு அம்மா:
அக்காமார், அண்ணாமார் எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் ஊரை விட்டு வந்து கனகாலம் இல்லை. இவருடைய தமக்கை குடும்பம் எங்களையும் சேர்த்து டிஸ்னிக்குப் போக எல்லாம் புக் பண்ணிவிட்டார்கள். அடுத்த கிழமை பயணம். போன சனிக்கிழமை ஒரு பேர்த்டே பார்ட்டியில் மகன் ஏதோ சாப்பிட்டான். கொஞ்ச நேரத்தில் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, சத்தி எடுத்தான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். தொடையில் ஊசி போட்டு, சில மணி நேரம் வைத்துப் பார்த்துவிட்டு விட்டார்கள். உணவு அலர்ஜியாம். எபிபென் என்ற அவசர அலர்ஜி ஊசி எழுதித் தந்திருக்கிறார்கள். அவ்வளவு பெரிய பார்க்கில் இவனுக்கு என்ன சாப்பாடு கொடுப்பது? மச்சாள் "அங்கே எல்லாம் இருக்கும், பயப்படாதே" என்கிறார். எனக்கு நித்திரையே இல்லை.

மல்லாவி அண்ணா, லண்டன்:
தங்கச்சி, பயப்படாதீர்கள். இங்கே சட்டம் இறுக்கம். கச்சான் (நிலக்கடலை), எள், கடுகு உட்பட 14 பொருட்களில் எது சாப்பாட்டில் இருந்தாலும் கடைக்காரர் சொல்லியே ஆக வேண்டும். 2021 ஒக்டோபரிலிருந்து, கடையிலேயே செய்து பொதி கட்டி வைக்கும் சான்ட்விச்சுக்கும் முழுப் பொருள் விபரம் ஒட்ட வேண்டும். ஆபத்தென்றால் 999. நாங்கள் வந்த நேரம் இப்படி எழுதிக் கேட்கக்கூட ஆளில்லை. ஒரு அறைக்குள் நிறையப் பேர், இரவு வேலை, பகலில் நித்திரை. பொதியில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கத் தெரியாமல் பாணும் முட்டையுமாக அந்தக் குளிர்காலம் முழுக்க ஓட்டினோம். உங்களுக்கு அவ்வளவு கஷ்டம் இருக்காது.

ஒட்டுசுட்டான் பெரியம்மா, சுவிஸ்:
பிள்ளை, பயணத்தை நிற்பாட்டுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த கையோடு குழந்தையைச் சனக்கூட்டத்துக்குள் கொண்டுபோவார்களா? புக் பண்ணிய காசு போனால் போகட்டும். மச்சாள் கோபித்தால் நாலு நாளில் ஆறும்.

கனகராயன்குளம் தம்பி, மார்க்கம்:
அக்கா, ஒருவரும் கேட்கவில்லை, நான் கேட்கிறேன். எந்த நாட்டில் இருக்கிறீர்கள்? டிஸ்னி என்றால் பாரிஸா, புளோரிடாவா, கலிபோர்னியாவா? மகனுக்கு என்ன வயது, எத்தனை கிலோ? எந்தச் சாப்பாட்டுக்கு அலர்ஜி என்று சொன்னார்களா?

விசுவமடு அம்மா:
மன்னிக்க வேண்டும் தம்பி, பதற்றத்தில் எழுதிவிட்டேன். கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கிறோம். போவது புளோரிடா. மகனுக்கு இரண்டு வயது கழிந்துவிட்டது, 12 கிலோ. எதற்கு என்று இன்னும் தெரியாது. அலர்ஜி டொக்டரிடம் அடுத்த மாதம்தான் திகதி. அன்றைக்கு அவன் கேக் சாப்பிட்டான், கச்சான் போட்ட மிக்சர் சாப்பிட்டான், ஆரோ ஒரு எள்ளுருண்டைத் துண்டும் கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் பால், முட்டை, பாண், பருப்பு எல்லாம் ஒவ்வொரு நாளும் சாப்பிடுகிறவன். கச்சானும் எள்ளும் அன்றைக்குத்தான் முதல் தரம்.

முறிகண்டி மாமா, பிரான்ஸ்:
கச்சானுக்கு அலர்ஜியா? முறிகண்டிப் பிள்ளையாரடியில் பஸ் நின்றால் தேங்காய் உடைத்துவிட்டு, சரை சரையாகக் கச்சான் வாங்கித் தின்று வளர்ந்த சனம் நாங்கள். ஏ9 வீதியால் போனவர்களில் அதை வாங்காதவர் ஆர்? எங்களில் ஒருவருக்கும் இப்படி வந்ததில்லை. சின்னதில் பழக்காததுதான் காரணம். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்குங்கள்.

கிளிநொச்சி நேர்ஸ் அக்கா:
மாமா, தயவுசெய்து இதை ஒருவருக்கும் சொல்லாதீர்கள். சின்னதில் பழக்குவது பற்றி நீங்கள் சொல்வதில் ஒரு பாதி உண்மை. லண்டனில் நடத்தி 2015இல் வெளியிட்ட லீப் ஆய்வில், 4 முதல் 11 மாதக் குழந்தைகளுக்குக் கச்சான் சேர்ந்த உணவைக் கொடுத்துவந்தபோது 5 வயதில் கச்சான் அலர்ஜி வெகுவாகக் குறைந்திருந்தது. அது வராமல் தடுக்கிற வழி. வந்துவிட்ட பிள்ளைக்கு வீட்டில் வைத்துக் கொடுத்துப் பார்த்தால் உயிர் போகலாம். பழக்கும் சிகிச்சையும் இருக்கிறது, அதை அலர்ஜி டொக்டரின் கண்காணிப்பில்தான் செய்வார்கள்.

தங்கச்சி, நீங்கள் சாப்பாட்டைத்தான் கேட்டீர்கள். அதைவிட எபிபென் முக்கியம். வன்னியில் பாம்பு கடித்தால் பச்சிலை தேடாமல் நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடப் பழகியிருக்கிறோம் அல்லவா? இதுவும் அப்படித்தான். அலர்ஜிப் பாணியைக் கொடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. அது தோல் அரிப்பைக் குறைக்கும், மூச்சையும் இரத்த அழுத்தத்தையும் காப்பாற்றாது. தடிப்போடு சத்தியோ இருமலோ இழுப்போ சோர்வோ சேர்ந்து வந்தால் உடனே தொடையின் வெளிப்பக்கத்தில் குத்துங்கள். உடுப்புக்கு மேலாலும் குத்தலாம். கால் ஆடாமல் இறுக்கிப் பிடியுங்கள். பிறகு 911. பிள்ளையைப் படுக்க வையுங்கள்; மூச்சுக் கஷ்டமென்றால் மடியில் இருத்துங்கள், தூக்கி நிற்பாட்ட வேண்டாம். 5 நிமிடத்துக்குப் பிறகும் குறையாவிட்டால் இரண்டாவது. அதனால்தான் எப்போதும் இரண்டு வேண்டும். சுகம் வந்துவிட்டது போலத் தெரிந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், சில பிள்ளைகளுக்குச் சில மணி நேரம் கழித்துத் திரும்ப வரும். உங்கள் மகனின் நிறைக்கு 0.15 மில்லிகிராம்தான் எழுதியிருப்பார்கள். பெட்டியில் 15 கிலோவிலிருந்து என்று போட்டிருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

முழங்காவில் பிள்ளை, மொன்றியல்:
எனக்கு அந்தப் பார்ட்டியை நினைக்கத்தான் கோபம் வருகிறது. எங்கள் ஆட்களின் விழாக்களில் ஒரு தட்டிலாவது என்ன போட்டுச் செய்தது என்று எழுதி வைக்கிறார்களா? தாயைக் கேளாமல் "ஒரு வாய்தானே" என்று தீத்திவிடுகிறார்கள். வேண்டாம் என்றால் "வெளிநாடு வந்து பெருமை பிடித்துவிட்டது" என்ற கதை.

பரந்தன் மருமகள், ஸ்காபரோ:
அதைவிடப் பெரிய கதை காசு. பேஸ்மென்ட் வாடகை, டே கெயார், பஸ் பாஸ் எல்லாம் கட்டிவிட்டு நிமிர முடியவில்லை. இதற்குள் சொந்தக்காரர் டிஸ்னி என்றால் மாட்டேன் என்று சொல்லவும் வாய் வராது. ஊரில் என்றால் பிள்ளையைப் பார்க்க ஒரு ஆச்சி இருப்பா. இங்கே காய்ச்சல் வந்தாலும் நாங்களே, வேலைக்கு லீவு சொல்லுவதும் நாங்களே.

மல்லாவி அண்ணா, லண்டன்:
உண்மை பிள்ளை. இங்கேயும் அதே கதைதான். வாடகை ஏறின ஏற்றத்தில்...

நெடுங்கேணி அக்கா, ஏஜக்ஸ்:
கொஞ்சம் பொறுங்கள். அந்தப் பிள்ளைக்கு அடுத்த கிழமை பயணம். என் மகளுக்குக் கச்சானும் கஜுவும் ஆகாது, இதே பார்க்குக்குக் கொண்டுபோய் வந்திருக்கிறேன்.

தங்கச்சி, முதல் வேலை அலர்ஜி டொக்டரின் கந்தோருக்குப் போன். ஆரும் வராமல் விட்ட இடம் இருந்தால் தரச் சொல்லுங்கள், நடந்ததையும் பயணத் திகதியையும் சொல்லுங்கள். குடும்ப டொக்டரிடம் ஒரு கடிதமும் அவசரத் திட்டமும் எழுதி வாங்குங்கள். போகலாமா என்ற கேள்வியையும் அவரிடமே கேளுங்கள்.

இரண்டாவது காப்புறுதி. புளோரிடா ஆஸ்பத்திரிக்கு ஓஹிப் (ஒன்ராறியோ அரசின் மருத்துவக் காப்புறுதி) தருவது மிகக் குறைவு: வெளிநோயாளருக்கு ஒரு நாளைக்கு 50 டொலர் வரை, வாட்டில் வைத்தால் 400 டொலர் வரை. மிச்சம் உங்கள் தலையில். பயணக் காப்புறுதி எடுக்கும்போது போன சனிக்கிழமை நடந்ததை மறைக்காமல் சொல்லி, அலர்ஜிக்குக் காசு தருவார்களா என்று எழுத்தில் கேளுங்கள். அண்மையில் வந்த வருத்தத்துக்குத் தரமாட்டோம் என்று பல திட்டங்களில் இருக்கும். தரமாட்டார்கள் என்றால் நான் போகமாட்டேன்.

பார்க்குக்குள் சொந்தச் சாப்பாடு விடுவார்கள். கண்ணாடிப் போத்தல் கூடாது, உதிரி ஐஸ் கூடாது, ஐஸ் பொதி வைக்கலாம். எதற்கு அலர்ஜி என்று தெரியாத நிலையில் புதுச் சாப்பாடு ஒன்றும் வேண்டாம். அவன் வீட்டில் வழக்கமாகச் சாப்பிடுவதையே கொடுங்கள். ஹோட்டலை விட, பார்க்குக்குப் பக்கத்து ஊரான கிஸிம்மியில் சமையலறையோடு வீடு கிடைத்தால் நல்லது. காலையில் சோறும் பருப்பும் வைத்துக் கட்டிக்கொண்டு போகலாம். ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்திலேயே அமெரிக்க அதிகாரிகள் சோதிப்பார்கள், கொண்டுபோகும் சாப்பாட்டை அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

கனகராயன்குளம் தம்பி, மார்க்கம்:
அக்கா சொல்வது சரி, ஆனால் சாப்பாடு முழுக்கக் காவ வேண்டியதில்லை. டிஸ்னியின் உணவகங்கள் பலவற்றில் அலர்ஜிக்கென்று தனி மெனு கேட்டு வாங்கலாம். சமையல் பொறுப்பாளரோடு அல்லது இதற்கெனப் பயிற்சி பெற்ற ஊழியரோடு கதைக்கலாம். நாங்கள் நம்பித்தான் சாப்பிட்டோம்.

நெடுங்கேணி அக்கா, ஏஜக்ஸ்:
தம்பி, எதற்கு அலர்ஜி என்று தெரிந்தால்தானே சமையல்காரருக்குச் சொல்ல முடியும்? இன்னொன்று, பார்க்குக்கு வெளியே கடைகள் இருக்கும் டிஸ்னி ஸ்பிரிங்ஸ் பகுதியில் உள்ள உணவகங்கள் பல வேறு கம்பனிகள் நடத்துபவை. பார்க்குக்குள் இருக்கும் நடைமுறை அங்கேயும் இருக்கும் என்று நினைக்கக் கூடாது. லேபிளிலும் வித்தியாசம் உண்டு. எள்ளைப் பெயர் சொல்லி எழுத வேண்டும் என்று அமெரிக்காவில் 2023 ஜனவரியில்தான் வந்தது. கடுகு கனடாப் பட்டியலில் இருக்கிறது, அங்கே இல்லை.

எபிபென்னை ஸ்ட்ரோலரில் வைக்காதீர்கள். ரைடுக்குப் போகும்போது ஸ்ட்ரோலரை வெளியே விட்டுத்தான் போக வேண்டும். உங்கள் இடுப்புப் பையில் இரண்டும் இருக்கட்டும், பிள்ளையை ஆர் தூக்குகிறாரோ பை அவரிடம் மாற வேண்டும். புளோரிடா வெயிலில் காருக்குள் விட்டால் மருந்து பழுதாகும். 15 முதல் 30 பாகைக்குள் வைத்திருக்க வேண்டும். ஐஸில் முட்டவும் கூடாது. விமானத்தில் கைப்பையில் கொண்டுபோங்கள். இருக்கை, மேசைத் தட்டு, வாடகை ஸ்ட்ரோலரின் கைபிடி எல்லாவற்றையும் ஈரத் துடைப்பானால் துடையுங்கள். சனிட்டைசர் கச்சானை அகற்றாது, மகனின் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். இந்த வயதில் விழுந்து கிடப்பதை எல்லாம் வாயில் போடுவார்கள், வரிசையில் நிற்கும்போதுதான் கூடக் கவனம்.

விசாவும் பாருங்கள். பிஆர் (கனடாவின் நிரந்தர வதிவிட உரிமை) இருந்தாலும் இலங்கைப் பாஸ்போர்ட் என்றால் அமெரிக்க விசா வேண்டும்.

விசுவமடு அம்மா:
எல்லாருக்கும் விசா இருக்கிறது அக்கா. டொக்டர் கந்தோருக்கு இப்போதுதான் போன் பண்ணினேன், வியாழக்கிழமை ஒரு இடம் கிடைத்திருக்கிறது. அவர் போகலாம் என்றால்தான் வருவோம் என்று மச்சாளுக்கும் சொல்லிவிட்டேன். எங்களிடம் எபிபென் ஒன்றுதான். இன்னொன்று வாங்க நிறையக் காசு வருமா?

நெடுங்கேணி அக்கா, ஏஜக்ஸ்:
வேலையால் வரும் காப்புறுதி இல்லையென்றால் ஓஹிப் பிளஸ் என்ற ஒன்ராறியோ அரசின் மருந்துத் திட்டம் கட்டும், 24 வயது வரை உள்ளவர்களுக்கு அது உண்டு. மகனின் ஹெல்த் கார்டையும் மருந்துச் சீட்டையும் கொண்டு பார்மசிக்குப் போங்கள். தரும் பெட்டியில் காலாவதித் திகதியைப் பாருங்கள். ஊசியில்லாத பயிற்சி எபிபென்னும் கேளுங்கள், நீங்கள், அவர், மச்சாள் மூன்று பேரும் குத்திப் பழக வேண்டும். வியாழக்கிழமைக்கு முன் பார்ட்டி வைத்தவர்களிடம் அந்த மிக்சர் பொதியின் படமும் கேக் வாங்கிய கடையின் விபரமும் கேட்டு வாங்குங்கள். டொக்டர் முதலில் அதைத்தான் கேட்பார்.